மேல் டிவிசன் வரைக்கும் கேட்ட கசெட்

மதினி,

பக்கத்துப் போன் கடை முஸ்லிம் நானா இன்று காலையில் ஒரு புது அல்பம் போட்டார். லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பியதாம். நான் வேலை செய்யும் துணிக்கடையின் கண்ணாடி அலுமாரி முதலில் அதிர்ந்தது. அப்புறம்தான் பாட்டு காதில் விழுந்தது. டிரம் அன்ட் பேஸ், நம்முடைய அந்த வேகமான டிரம் இசை. மடித்துக்கொண்டிருந்த துணியோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"என்ன செல்வி, இந்தச் சத்தமெல்லாம் ஒங்களுக்கு விருப்பமா?" என்று நானா சிரித்தார். மாவனல்லை பஸாரில் ஒரு தோட்டத்துப் பெண் இதற்குத் தலையாட்டுவதை அவர் பார்த்ததில்லை போல.

"எங்க மதினி பழக்கி விட்டது நானா" என்றேன்.

உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். இசை போட்டவன் கெட்டிக்காரன். மூன்றாவது பாட்டில் டிரம்மே இல்லை, பேஸ் மட்டும் தன்பாட்டில் நடக்கிறது. இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்து அலுத்த பிறகு, தகரத்தில் மழை விழும் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி அதையே டிரம்மாக்கிக் கொண்டுவருகிறான். அடுத்த பாட்டில் அதே மழை பின்பக்கமாக ஓடுகிறது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் பாட்டு முடிய விட்டிருக்கமாட்டீர்கள், "இன்னொருக்கா போடு" என்றிருப்பீர்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் றப்பர் தோட்டத்துக்கு நீங்கள் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. கொழும்பில் கசெட் பதிவு செய்யும் கடையில் வேலை பார்த்தவர் நீங்கள். அப்பா படுக்கையில் விழுந்ததும் கொழும்பிலிருந்த அண்ணன் தோட்டத்துக்கே திரும்பியது, கூடவே நீங்களும். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே காம்பரா. ஒரு பக்கம் அப்பாவின் கட்டில், மறுபக்கம் அடுப்பு, மிச்சமிருந்த இடத்தில் நாம் மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் றப்பர் மரம், அதற்குப் பின்னால் இன்னொரு றப்பர் மரம்.

"இங்க வானமே கண்ணுக்குத் தெரியுதில்லையே" என்றீர்கள். பிறந்ததிலிருந்து அங்கேயே கிடந்த எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. அதற்காக உங்கள்மேல் கோபம்கூட வந்தது.

உங்கள் பழைய முதலாளி ஒரு டிரம் அன்ட் பேஸ் கசெட்டை அனுப்பியபோது கூடவே ஒரு கடிதமும் வந்தது. மறுபடி கடைக்கு வரச்சொல்லி. அண்ணன் "பாப்போம்" என்றது. அண்ணன் வாயில் அது பாதிச் சம்மதம். அந்தச் சந்தோஷத்தில்தான் கசெட்டைப் போட்டீர்கள். டிரம் ஓடிய வேகத்தைக் கேட்டு, மெஷின் பழுதாகிவிட்டது என்று நான் சொன்னேன். "டிரம் ஓடட்டும், நீ அத விடு. அடியில பேஸ் நடக்குது பாரு, அதுகூட போ" என்றீர்கள். போனேன். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஆனால் சின்ன ரேடியோவில் பேஸ் சரியாக விழவில்லை என்று உங்களுக்கு மனத்தாங்கல். ஒருநாள் எல்லாரும் வேலைக்குப் போனதும், கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் பொக்ஸைப் பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்துவந்து வாசலில் வைத்தோம். அடடா, என்ன சத்தம்! நீங்கள் ஆடினீர்கள், நான் ஆடினேன். கட்டிலில் அப்பாவின் கால்விரல்கூட ஆடியது.

மலைமேல், தோட்டத்தின் மேல் டிவிசனில் றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மெட்டு எதுவும் போய்ச் சேரவில்லை. மரங்களைத் தாண்டி அடி மட்டும்தான் போயிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் வேலை நேரத்தில் லயத்துப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டால் சாவு என்றுதான் அர்த்தம். யார் வீட்டில் ஆள் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். வாளிகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "ஐயோ மாமா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

அப்பா தலையைத் தூக்கி, "யாரு புள்ள போனது?" என்று கேட்டார்.

ஒப்பாரி வைத்தவர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மலையிலிருந்து ஓடிவந்ததில் செருப்பு எங்கோ போயிருந்தது, முகமெல்லாம் கண்ணீர். அத்தனை பேருக்கு முன்னால் அப்பா அப்பா என்று கதறிக்கொண்டு வந்த அண்ணன், பாட்டுக்கு நடுவில் நின்ற உங்களைப் பார்த்தது. வயரைப் பிடுங்கி எறிந்தது. "எங்கப்பன் சாவு ஒனக்கு ஆட்டமா?"

கசெட்டும் உங்கள் அடையாள அட்டையும் ட்ரங்குப் பெட்டிக்குள் போயின. கொழும்பு ரோட்டில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஆளாளாக அட்டை கேட்பார்கள், இப்போதும் அப்படித்தான். அட்டை இல்லாத தமிழ்ப் பொம்பளை எங்கே போகமுடியும்? அண்ணன் சாவியை என்னிடம் தந்தது. "அவ கேட்டாலும் குடுக்காத."

நாலைந்து நாள் கழித்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கேட்டீர்கள். "செல்வி, சாவியத் தா. வெள்ளிக்கிழம மொத பஸ்ஸுக்குப் போயிருவேன்."

"அண்ணன் கொன்னு போட்டுரும் மதினி" என்றேன். "சரி, விடு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டீர்கள். அப்புறம் கேட்கவே இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்து பால் வெட்டப் போனீர்கள். அடுப்படியில் உட்கார்ந்து விரலால் தரையில் அந்தப் பேஸைத் தட்டிக் காட்டுவீர்கள், நான் டிரம்மைப் பிடித்துக்கொள்வேன். என்னோடு ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள். உங்களுக்குத் தப்பு அடித்தபோது மேல் டிவிசனில் ஒரு பெண், "மதினி பாட்டுப் போடுது போல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாளாம். மறுநாள், சாவைப் பதிய வேண்டுமென்று அண்ணன் உங்கள் அட்டையைக் கேட்டது. நான்தான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் டவுன் பஸ் ஏறியது.

இப்போது நான் தினமும் மாவனல்லைக்கு வந்து போகிறேன். மாலையானால் அதே காம்பராதான். இன்னொரு தடவை நீங்கள் கேட்டிருந்தால் சாவியைத் தந்திருப்பேன் என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிவந்தேன். இன்று நானா கடை வாசலில் நின்றபோதும் அதையேதான் சொன்னேன். அது பொய், மதினி. அண்ணனுக்குப் பயந்ததும் பொய். நீங்கள் போய்விட்டால் அந்தக் காம்பராவில் நான் தனியாக அல்லவா கிடந்திருப்பேன்? நூறு தடவை கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.