பொம்மிடி மாடி வீடு, முதல் மூன்று வாரம்

2 ஜூன், ஞாயிறு

வெயில். காலை ஏழு மணிக்கே சுவர் சுடுகிறது. மாடி வீடு என்றால் இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை.

பால் காய்ச்சியாயிற்று. ஆனி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது, இந்த வாரமே போய்விடு என்று தம்பி செந்தில் அவசரப்படுத்தினான். ஞாயிற்றுக்கிழமை ஆகாது என்று அம்மா. மற்ற நாளில் பேங்கில் லீவு தர மாட்டார்கள் என்று நான். கடைசியில் ஞாயிறே நல்ல நாளாகிவிட்டது. பால் பொங்கும் நேரத்தில் பழக்கதோஷத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டேன். பொங்கத்தானேடி வைக்கிறது என்று அம்மாவின் திட்டு. முப்பத்தொன்பது வயதில் இது.

சாமான்: பாய் 1, தலையணை 2, பிளாஸ்டிக் சேர் 1, ஒற்றை அடுப்பு, குக்கர் (சின்னது), தட்டு 1, டம்ளர் 3, சாமி படம் (அம்மா உபயம்), துடைப்பம் இரண்டு. இரண்டாவது எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை.

சென்னையில் பதினாலு வருஷம் லேடீஸ் ஹாஸ்டல். ரூமுக்கு மூன்று பேர். அதற்கு முன்னால் ஊர் வீடு. ஒரு வீட்டில் நான் மட்டும் என்பது இதுதான் முதல் தடவை.

கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். ஓனரம்மா மேலே வந்து அம்மாவிடம் தண்ணீர் விவரம் சொன்னார். ஒகேனக்கல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பதினோரு மணிக்கு. "பகல்ல நீங்கதான இருப்பீங்க, புடிச்சு வெச்சுக்குங்க." அம்மா, "சரிங்க, பாத்துக்கறேன்" என்றாள். எனக்குத் திக்கென்றது.

செந்திலைப் படிக்கட்டில் பிடித்தேன். "தனியா இருக்கற பொம்பளைக்கு வூடு குடுக்க மாட்டேன்னாங்க அக்கா. அம்மா கூட இருப்பாங்கன்னு சொன்னேன். வேற என்னா பண்றது?" அம்மாவிடமும் அப்படியே சொன்னாயா என்று கேட்டேன். வண்டியில் கயிறு கட்டணும் என்று இறங்கிப் போய்விட்டான். அப்படியென்றால் சொல்லியிருக்கிறான்.

மாத்திரை, துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவனோடு அம்மாவும் கிளம்பினாள்.

அவனைத் திட்டவும் முடியாது. சென்னையிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேட்ட லெட்டரில் நான் எழுதியது: ‘வயதான தாயாரை உடனிருந்து கவனிக்க வேண்டியுள்ளது.’ உடனிருந்து. என் கையெழுத்தோடு.

3 ஜூன், திங்கள்

பேங்கிலிருந்து ஆறு மணிக்கு வந்தேன். வந்து எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, மூன்றிலும் ஒரு சுற்று போய் வந்தேன். சமையல்கட்டில் நின்றுகொண்டே பன் சாப்பிட்டேன்.

குளித்துவிட்டு சோப்பு, பக்கெட், மக் எல்லாவற்றையும் ரூமுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் என் சோப்பை யார் திருடப் போகிறார்கள்?

ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிர்கிறது. பிடித்திருக்கிறதா இல்லையா, தெரியவில்லை.

5 ஜூன், புதன்

காலை, ஓனரம்மா: அம்மா எப்போ வர்றாங்க?
மதியம், மேனேஜர்: அம்மா உடம்பு எப்படி இருக்கு?
இருவருக்கும் ஒரே முகத்தோடு பதில் சொன்னேன். ஒருவருக்கு அடுத்த வாரம், ஒருவருக்கு பிரஷர்.

பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. பிளம்பரிடம் சொல்ல வேண்டும்.

6 ஜூன், வியாழன்

கவிதா (செந்தில் மனைவி) போன். அத்தை பை கட்டி வைத்துவிட்டார்கள், எப்போ வந்து கூட்டிட்டுப் போறீங்க அண்ணி என்றாள். அத்தை ரூமில் பையன்களுக்கு டேபிள் போட வேண்டுமாம், பெயிண்டருக்குச் சொல்லியாயிற்றாம். அம்மாவும் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாளாம், பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் சென்னையை விட்டே வந்திருக்கா என்று.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சேரில் இருந்தேன். அம்மா வேண்டாம் என்பதற்குக் காரணம் எழுதிப் பார்த்தேன்.

- இடம் சின்னது. (இல்லை.)
- மாடிப்படி, அவளுக்கு மூட்டு வலி. (சென்ற மாதம் மலைக்கோயில் ஏறினாள்.)
- எனக்குத் தனியாக இருக்க வேண்டும்.

மூன்றாவதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் போட ஒன்றும் கிடைக்கவில்லை. தனியாக இருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால் பன் தின்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நேரில் சொல்லிவிடுவது. என்ன சொல்வது?

9 ஜூன், ஞாயிறு

புழுக்கம், மழை இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி நாலு கிலோமீட்டரில் எங்கள் ஊர். வாசலிலேயே அம்மாவின் கட்டைப்பை. கவிதா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. டிவி ஒரு பக்கம், பையன்கள் சண்டை ஒரு பக்கம். செந்தில் யாருடனோ போனில் சத்தமாக. ஒரு வாரத்திலேயே எனக்குச் சத்தம் தாங்காமல் போய்விட்டதா, அல்லது எப்போதுமே இப்படித்தானா?

அம்மா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். அம்மா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். நான் முதலில் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"நான் அங்க தங்கறதுக்கு வரலை பாப்பா. நீ ஆபீசுக்குப் போனதும் வர்றேன். நீ வர்றதுக்குள்ள போயிர்றேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா இருக்கறதுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "பொறந்த வூட்ல ஒம்பது பேரு. கட்டுன வூட்ல பதிமூணு பேரு. இப்ப அஞ்சு பேரு, டிவியோட ஆறு. ஒரு வூட்ல நான் மட்டும் இருந்ததே இல்ல. அன்னிக்கி பால் காய்ச்சி முடிச்சதும் நீங்கல்லாம் கீழ போயிட்டீங்க, கொஞ்ச நேரம் மேல நான் மட்டும் இருந்தேன். நல்லா இருந்துச்சு."

அப்புறம் பை எதற்கு என்றேன். செந்தில் கட்டச் சொன்னான், கட்டினேன் என்றாள். போய்ப் பிரித்து வைத்துக்கொள்கிறாளாம்.

இரண்டாவது சாவி என் கைப்பையிலேயே இருந்தது. கொடுத்தேன். எட்டிப் பார்த்த பஸ் கண்டக்டர், ஏறுறீங்களா இல்லீங்களா என்றார். பஸ்ஸில் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்ல வந்தவள். அவள் என்னை வேண்டாம் என்று சொன்னதுபோல் ஏன் வலிக்கிறது?

11 ஜூன், செவ்வாய்

நேற்றும் இன்றும் அம்மா வந்திருக்கிறாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், ஒன்பதே முக்காலுக்கு வந்து ஐந்து மணிக்குத் திரும்பிப் போகிறாள். ஓனரம்மா சொல்லித்தான் தெரியும். ஆள் வந்ததில் அவருக்குத் திருப்தி. ராத்திரி தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பேரன்களை விட்டு இருக்க முடியாது என்று நானே ஒரு கதை சொன்னேன். என் கணக்கில் எத்தனையாவது பொய்?

உண்மையைச் சொன்னால், கதவைத் திறந்ததும் குழம்பு வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பாத்திரம் காலையில் போட்டது போட்டபடி. தண்ணீர் மட்டும் பிடித்து மூடி வைத்திருந்தது. சேர் ஜன்னலோரம் போயிருந்தது. பழைய இடத்தில் போட்டேன்.

13 ஜூன், வியாழன்

சேர் திரும்பவும் ஜன்னலோரம். விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு என்று டப்பாவில் பிஸ்கட் வைத்திருந்தேன். தொடவில்லை. போனில் கேட்டேன், பகலெல்லாம் என்னம்மா பண்ணுகிறாய் என்று. "ஒண்ணும் பண்ணல" என்றாள். அதை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓனரம்மாவுக்கு மட்டும் கவலை. "மேல சத்தமே வரலீங்களே. படுத்தே கெடக்கறாங்களா, என்னா வியாதிங்க?"

பிளம்பர் வரவில்லை.

15 ஜூன், சனி

இன்றும் பேங்க் உண்டு. கூட்டம், நகைக்கடன் வரிசை வாசல் வரை.

எனக்கு அம்மா மேல் பொறாமை. எழுதிவிட்டேன், இருக்கட்டும். என் பெயரில் வீடு, என் வாடகை. சாயங்காலம் வந்ததும் நான் போனில் ஏதாவது ஓடவிடுகிறேன், சத்தத்துக்காக. சோப்பை இன்னும் ரூமுக்கு எடுத்து வருகிறேன். அவளோ முதல் நாளே வந்து ஜன்னலோரம் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அறுபத்து மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்தவள் மாதிரி.

இன்று தட்டு ஒன்று கூட வாங்கினேன். யாருக்கு?

18 ஜூன், செவ்வாய்

சாயங்காலம் தூறல். செந்தில் போன், குரல் கட்டையாக.

ஊரில் கேட்கிறார்களாம். கூட்டிட்டுப் போறேன்னு வந்த பொண்ணு ஏன் தெனம் பொழுது சாய அனுப்பி வெச்சிர்றா? ஒரு வாய் சோத்துக்குக் கணக்குப் பார்க்கறாளா? அம்மாவிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். பெயிண்டர் வேறு வந்து நிற்கிறான். "ஒண்ணு நீயே வெச்சுக்க அக்கா. இல்லாட்டி இந்தப் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரு."

நிறுத்தினால் அவளுக்கு அந்தச் சேர் போய்விடும். வைத்துக்கொண்டால் எனக்கு இந்த வீடு போய்விடும். இதில் தப்பு எவன் செய்தான் என்று யோசித்தால் எல்லா வழியும் என் டிரான்ஸ்ஃபர் லெட்டரில் போய் முடிகிறது.

20 ஜூன், வியாழன்

நேற்று முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மா இங்கேயே இருக்கட்டும். தட்டு இருக்கிறது, தலையணை இருக்கிறது. பெற்றவளுக்கு ஒரு ரூம் கொடுக்க முடியாதா? பெரிய தியாகி மாதிரி மதியமே போன் பண்ணினேன். பண்ணும்போதே, அவள் வீட்டில்தான் இருக்கிறாள், என் வீட்டில், என்று ஞாபகம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

இங்கேயே இருந்துவிடு அம்மா என்றேன்.

"வேணாம்" என்றாள், யோசிக்கவே இல்லை. "நீ வந்துட்டா உனக்குச் சோறு ஆக்கணும்."

நீ ஆக்க வேண்டாம், நான் ஆக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"நீ ஆக்கறதைப் பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருக்கறது?" பின்னால் ரயில் போவது கேட்டது. "செந்திலு நிறுத்தச் சொல்றான். நீயும் நிறுத்துன்னா நிறுத்திக்கறேன் பாப்பா. பத்து நாளு இருந்தாச்சு."

பத்து நாளு. நான் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து அழுதேன். பேனா தேடுவதுபோல்.

21 ஜூன், வெள்ளி

செந்திலுக்குப் போன் பண்ணினேன். சொல்லப் போவதை முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டேன், இல்லாவிட்டால் உளறுவேன்.

சொன்னது: அம்மா வந்து போவது நிற்காது. ராத்திரி தங்க வைக்க என்னால் ஆகாது. தனியாக இருக்கத்தான் வந்தேன். ஊரில் யார் கேட்டாலும் அக்கா தன்னோடு வைத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல். அம்மா வரத் தயாராக இருந்தாள், நான்தான் என்று சொல். அந்த ரூம் அம்மாவுக்குத்தான். டேபிளை ஹாலில் போடு.

அவன் "இப்படி இருப்பேன்னு நெனைக்கலக்கா" என்றான். கவிதா பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய். எந்தப் பாதி எது என்று இப்போது கேட்டால் சொல்ல மாட்டேன். ஊருக்கு இனி எந்த முகத்தோடு போவது? திருவிழாவுக்கு? ஆனால் பசித்தது. முதல் தடவையாக இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ரசம், அப்பளம். இரண்டு தட்டையும் எடுத்துவிட்டு ஒன்றை உள்ளே வைத்தேன்.

பிளம்பர் வந்தான். வாஷர்தான் போயிருந்ததாம்.

22 ஜூன், சனி

நாலாவது சனி, பேங்க் லீவு. இரண்டாவது, நாலாவது சனி லீவு என்பது அம்மாவுக்குத் தெரியாது, நானும் சொல்ல மறந்தேன். தலைக்குக் குளித்துவிட்டு, சோப்பை பாத்ரூமிலேயே விட்டுவிட்டு, பாயில் நீட்டிப் படுத்திருந்தேன். வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு சுகம்.

ஒன்பதே முக்காலுக்குப் பூட்டில் சாவி.

அம்மா. தலை பின்னி, பூ வைத்து, நல்ல சேலை. நான் பார்த்தே இல்லாத ஒரு முகம், சின்னப் பெண் முகம். என்னைப் பார்த்ததும் அது அப்படியே இறங்கிவிட்டது.

"இன்னிக்கி இருக்கியா?"

இருக்கிறேன் என்றால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கையை அதற்குள் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்திருந்தாள், சமையல்கட்டுப் பக்கம் கண் போய்விட்டது.

இல்லம்மா, லேட் என்றேன். ஆபீஸ்தான், கொஞ்சம் லேட்டாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பொய். நைட்டியை மாற்றி, ஈரத் தலையை முடிந்து, ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் செருப்பை மாட்டினேன். அவள் கதவு வரை கூட வரவில்லை. நான் பாதிப் படி இறங்குவதற்குள் சேர் இழுபடும் சத்தம்.

கீழே ஓனரம்மா, என்னங்க இன்னிக்கி லீவு இல்லீங்களா, என் பையன் பேங்க் லீவுன்னானே என்றார். மீட்டிங் என்றேன்.

பொம்மிடி ஸ்டேஷன், இரண்டாம் பிளாட்பாரம், மின்விசிறி ஓடாத பெஞ்ச். டீ இரண்டு குடித்தாயிற்று. மணி 11.20. அவள் ஐந்து மணிக்குத்தான் கிளம்புவாள். அதுவரை நான் எங்கே போவேன்?