களரிக்கு நீ வர வேண்டாம்

கருவேலம்பட்டி,
திருச்சுழி வழி.
தை 22

அன்புள்ள முத்துராஜ் அண்ணனுக்கு,

தங்கச்சி சுகந்தி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். குடி மறுவாழ்வு மையத்தில் போன் தர மாட்டார்கள் என்பது எனக்கு ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. போன் என்றால் நீ ரெண்டு வார்த்தை கேட்பாய், நான் 'ம்' என்பேன், அதோடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் அங்கே யாரிடமும் காட்டிச் சிரிக்காதே.

காட்டில் கொத்தமல்லி இந்த வருசம் பரவாயில்லை. பருத்திதான் காய் பிடிக்கிற நேரத்தில் மழை இல்லாமல் குட்டையாய் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது. ஆனாலும் சொன்னால் கேட்காமல் களைக்குப் போகிறாள். நான் அருப்புக்கோட்டை தையல் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நைட்டிக்குக் கை தைக்கிறேன். காலையில் ஏழு மணிக்கு வேன் வருகிறது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் இதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்று வேனில் தினமும் பேச்சு. வரட்டும், பார்ப்போம்.

வேனில் பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை வருகிறாள். உங்கள் பெங்களூர் பேண்டு வாசித்த வீடியோவை எப்படியோ தேடி எடுத்துவிட்டாள். நீ தலைமுடியை முன்னால் போட்டுக்கொண்டு கிதாரை முட்டி வரைக்கும் தொங்கவிட்டு வாசிப்பாயே, அது. "உங்கண்ணனாடி இது? யாரு மேல இம்புட்டுக் கோவம் இவுகளுக்கு?" என்று கேட்டாள். வேனே சிரித்தது. டிரைவர் மணிகண்டன் அண்ணன் மட்டும் ரெண்டாவது தடவை போடச் சொன்னார். அருப்புக்கோட்டை மெல்லிசைக் குழுவில் நீ வாசிக்கிற காலத்தில் உன்னைப் பார்த்திருக்கிறாராம். அப்போதே மற்றவர்கள் பாட்டை முடித்த பிறகும் நீ மட்டும் முடிக்க மாட்டாயாம்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். காலை பதினோரு மணிக்கு நீ நடத்துகிற பாட்டு நேரத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். கை நடுங்குகிற லாரி டிரைவரிடம் கவிழ்த்த வாளியைக் கொடுத்துத் தட்டச் சொன்னதும், தட்டும்போது நடுக்கம் தெரியவில்லை என்பதும் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "அந்தத் தம்பிக்குப் பிள்ளைக இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த கடிதத்தில் எழுது.

எனக்குப் பிடித்தது வேறு. வாசிக்கும்போது உனக்குக் குடிக்கத் தோன்றியதே இல்லை, மேடையை விட்டு இறங்கி, எல்லாரும் போன பிறகு வருகிற அமைதியில்தான் தோன்றும் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் பாட்டு நேரம் முடிந்ததும் யாரையும் தனியாய்க் கட்டிலுக்குப் போக விடாமல், எல்லாரும் சேர்ந்து பாயைச் சுருட்டி, கிதாரைத் துடைத்து, ஒன்றாய் உட்கார்ந்து டீ குடிக்க வைக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். பத்து வருசம் மேடையில் நின்றவன் கண்டுபிடித்தது இதுதானா என்று யாராவது கேட்கலாம். நான் கேட்க மாட்டேன். உன்னை அங்கேயே பாட்டு சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்ளலாம் என்று மையத்து சார் சொன்னது நடக்கட்டும்.

இனி விசயத்துக்கு வாரேன். நூறு நாள் முடிந்துவிட்டது, மூன்று நாள் லீவு தருகிறார்கள், குலசாமிக்கு எடுக்கிற மாசிக் களரிக்கு ஊருக்கு வந்து சாமி முன்னால் வாசிக்கவா என்று கேட்டிருந்தாய். களரியை எடுத்து நடத்துகிற பெரியப்பாவுக்கும் தனியாய் எழுதியிருக்கிறாய். அவருக்குப் பிடிபடாத சந்தோசம். "நாப்பது ஊர்ல வாசிச்ச பய, நம்ம கருப்பனுக்கு முன்னாடி வாசிக்கப் போறான்" என்று டீக்கடையில் எல்லாம் சொல்லிவிட்டார்.

அண்ணே, போன வருசக் களரியைப் பற்றி நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்போதும் நீ குடியை விட்டு ஏழு மாசம் ஆகியிருந்தது. களரிக்கு மறுநாள் காலையில் படையலைப் பிரித்து, சாமிக்கு வைத்த சாராயப் பாட்டிலை உடைத்து, வீட்டுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்கள். அப்பா இல்லாததால் நம் வீட்டு டம்ளரை மூத்த மகன் நீதான் வாங்க வேண்டும். நீ வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். அம்மா என்னிடம் கொடுத்துவிட்டாள். நான்தான் கொண்டுவந்தேன். நீ டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் "சாமி பிரசாதம்ண்ணே, ஒரு வாய்தான" என்றேன். யாரிடமும் வாய் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தேன். படையலில் வைத்து எடுத்தால் அது சாராயம் இல்லை, அது ஒன்றும் செய்யாது என்று நிசமாகவே நம்பினேன். நீ வாங்கிக் குடித்தாய். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போனவன் பஸ் ஏறவில்லை. சித்திரையில் மேடையிலேயே விழுந்ததும், பேண்டில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டதும் பிறகு தெரிந்தது. அம்மா இன்றைக்கும் பெங்களூர் கூட்டாளிகளைத்தான் திட்டுகிறாள்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் களரி பேசக் கோயிலில் கூடியபோது அம்மாவோடு நானும் போனேன். ஆம்பளைகள் நாற்பது பேர் இருப்பார்கள். பெண்கள் ஓரமாய் நின்றோம். நான் "பெரியப்பா" என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. பூசாரி பால்ச்சாமி தாத்தாதான், "ஏலே சீனிச்சாமி, பின்னால ஏதோ பிள்ள கூப்புடுது" என்றார். யாரோ ஒருவர், "இது பேசுமா? நான் ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்றார். சிரித்தார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன். அண்ணன் வந்தால் டம்ளர் கொடுக்கக் கூடாது என்றேன்.

பெரியப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பொறுமையாய், "அது சரக்கு இல்ல தாயி. கடையில வாங்குற வரைக்குந்தான் சரக்கு. கருப்பன் காலடியில வச்சு எடுத்தா அது வேற" என்றார். பால்ச்சாமி தாத்தா, "வேறதான். போத மட்டும் அதே போத" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பெரியப்பாவைத் தவிர. அண்ணன் வாங்கித் தரையில் ஊற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெளியூர்ல இருந்து வர முடியாதவுக பங்க வருசா வருசம் நானே வாங்கி அருவா முன்னாடி ஊத்துறேன். அதுல குத்தமில்ல. ஆனா வந்து நின்னவன் வாங்கிக் குடிக்கணும். வந்துட்டு வேண்டாம்னா அது சாமிய மறிச்சதாயிரும். அந்த வீட்டுக்கு ஆகாது."

வரும் வழியிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. வராதவன் பங்கு தரைக்குப் போகும். வந்தவன் பங்கு தொண்டைக்குப் போகும். பெரியப்பாவை மாற்ற என்னால் முடியாது. அவர் உன்மேல் பிரியம் இல்லாதவர் இல்லை. நீ வாசித்து முடித்ததும் நாலு பேர் தோளில் கை போட்டுக் கூட்டிப் போவார்கள், எல்லாரும் பிரியத்தோடுதான் கூட்டிப் போவார்கள். அதனால், அண்ணே, களரிக்கு நீ வர வேண்டாம்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா, "பெத்த பிள்ளைய வராதேன்னு சொல்லத்தான் உனக்கு வாய் வந்துச்சா?" என்று கேட்டாள். நான் வேப்ப மரத்தடியில் நடந்ததைச் சொன்னேன். என்ன சொல்லி உன்னிடம் டம்ளரைக் கொடுத்தேன் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவாள். நேற்று ஆட்டைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த எடத்துல பொம்பளைகள உள்ள விடுவாகளா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இந்த வருசம் சிவராத்திரிக் களரி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். களரி அன்றைக்கு நம் வீட்டில் யாரும் கோயிலில் இல்லாமல் இருந்ததே இல்லை. ஊரில் கேட்பார்கள். பெரியப்பா ஒரு வருசம் முகம் கொடுக்க மாட்டார். நம் வீட்டுப் பங்கையும் அவரே வாங்கி ஊற்றட்டும். மனசு கேட்காமல் வரச் சொல்லி உனக்குத் தபால் போடுவார். அதை நம்பிக் கிளம்பிவிடாதே.

திருச்சுழியில் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, மதுரையில் இன்னொரு பஸ் மாற வேண்டும் என்று மணிகண்டன் அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் நான் தனியாய்ப் போனதில்லை. அம்மாவுக்குப் போர்டு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு வந்துவிடுவோம். விடியக்காலை மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு அங்கே இருக்கலாம்.

சாரிடம் சொல்லி ரெண்டு பேருக்கு அனுமதி வாங்கு. பதினோரு மணிக்கு உள்ளே உட்காரலாமா என்றும் கேள். நான் பாட மாட்டேன், எதையும் தட்டச் சொல்லாதே, கடைசியில் சுவர் ஓரமாய் உட்கார்ந்துகொள்கிறேன். அம்மா அழுவாள். அழுதால் வாசிப்பதை நிறுத்திவிடாதே. முடிந்ததும் பாய் சுருட்ட நாங்களும் இருப்போம். ஒரு மணி ஆனதும் நீ வாசல் கேட் வரைக்கும் வர வேண்டாம், அங்கே அவர்களோடு இரு.

கருப்பன் உன்னை இத்தனை நாள் பார்த்துக்கொண்டான். களரிக்கு வரவில்லை என்பதற்காக அவன் உன்னைக் கைவிட மாட்டான். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. எங்களை வர வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே, அண்ணே. ஒரு வரி போதும். 'வாங்க' என்று எழுது.

இப்படிக்கு
உன் தங்கச்சி
சுகந்தி