கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். வாரா வாரம் போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நான் போனில் பேசும்போது அப்பா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இடது கையில் வடிந்தது போக இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, தாளை வெகுநேரம் அழுத்திப் பிடித்தால் வலிக்கிறது. அது எப்படி வந்தது என்றும் சொல்கிறேன், அதற்குள் பதறாதே.

நீ அப்பாவுக்கு அனுப்பிய கரண்ட் ரம்பத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெருங்காற்றில் பின்னால் இருக்கும் மரத்தின் கிளை முறிந்து, ஒரு முனை சுவர் மேலும் இன்னொரு முனை துணி காயப்போடும் கம்பத்தின் மேலுமாக விழுந்து, பின்கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா. மரம் வெட்டுகிறவரும் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று இழுத்தடித்தார். நீ உடனே செயின் ரம்பம் ஒன்றை அப்பா பெயருக்கு அனுப்பி, அதே மாதிரி உனக்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று சின்னப் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டாய். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்பாவுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாய், நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி மாடிப்படிக்கு அடியில் அப்படியே கிடந்தது. போன வாரம் நீ, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடச் சொல்லும்மா, நான் எதைச் செஞ்சாலும் அவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் படக்கென்று போனை வைத்தாய். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு உன் மேல் ஒரு கோபமும் இல்லை தம்பி. அவருக்குக் காது கேட்கவில்லை. நீ ஊருக்குப் போகும்போதே கொஞ்சம் மந்தமாக இருந்தது, அது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் வலது காது அடியோடு போய்விட்டது, இடது காதில் பக்கத்தில் போய்க் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். போனில் வருகிற குரல் அவருக்கு வெறும் கரகரப்புதான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நீ கேட்கும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்று நானும் சொல்லிவந்தேன். அத்தனை குளியல் குளித்தால் ஒரு மனிதர் சோப்புக் கட்டி மாதிரி கரைந்திருப்பார், உனக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை பார். காதில் வைக்கிற மிஷின் வாங்கித்தான் இருக்கிறது, ஒரே இரைச்சல், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தலைக்குள்ள உருளுது என்று அலமாரியில் போட்டுவிட்டார்.

பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது ஸ்குரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி அதன் பிடியில் காதை வைத்து, எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று சொன்னவர் அவர். அந்தக் காது போனதும் பேச்சும் குறைந்துவிட்டது. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாததால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறார். டிவியில் படம் மட்டும் ஓடுகிறது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பின்னால் போய் அவர் தோளைத் தட்டுவேன், திரும்பிப் பார்ப்பார், வாயசைத்துச் சொல்வேன். அவரும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டார், எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதையே மறந்துவிட்டு, கூப்பிடாமல் வந்து தோளைத் தட்டுகிறார். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று நீ நிம்மதியாக இருக்கிறாய். நான் காய் நறுக்கும்போது கத்தரிக்காயோடு பேசிக்கொண்டிருக்கிறேன் தம்பி. ஒரு மனுஷக் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தால் காய்கறிக் கடைக்குப் போய் வேண்டுமென்றே பேரம் பேசுகிறேன்.

ரம்பத்தை ஏன் தொடவில்லை என்று அவரைத் தாளில் எழுதிக் கேட்டேன். மெஷின் ஓடுதா நின்னுடுச்சான்னு காதுதான் சொல்லும், காது கேக்காதவன் கையில அதைக் குடுக்கக் கூடாது, நம்ம பையனுக்கு அதை எப்படிச் சொல்றது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் பரிசை அவமதித்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவர் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான். சரி, நாமே அந்தக் கிளையை வெட்டி, அப்பா வெட்டினார் என்று உன்னிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். தையல் கம்பெனியில் மிஷினோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று ஒரு தைரியம்.

பெட்டியில் இருந்த விளக்கப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். நீ படித்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன் கேள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டையின் ஓரத்தில் ஒரு பள்ளம், அதில்தான் செயின் ஓடுகிறது. மேல் பக்கத்துப் பற்கள் பட்டையின் மூக்கை, அதாவது நுனியைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் வெட்டாது, வெறுமனே தேய்க்கும். செயினைக் கையால் இழுத்தால் லேசாக விலகி, விட்டதும் பட்டையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், தொளதொளவென்று தொங்கினால் பக்கவாட்டுத் திருகை இறுக்கு. செயினைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முன் கைப்பிடிக்கு எதிரே அகலமாக ஒரு தடுப்பு நிற்கும், அதை வெறும் மூடி என்று நினைக்காதே. ரம்பம் எகிறினால் கை அதில் இடிக்கும், அது முன்னால் சாய்ந்ததும் செயின் சட்டென்று நின்றுவிடும். பின் கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டுதான் விசையை இழுக்க முடியும், தவறிப் பட்டு ஓடிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள், அதை டேப் ஒட்டி அமுக்கி வைக்கிற புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம். இரண்டு கையாலும் பிடி, கட்டைவிரலைச் சுற்றிப் பிடி. ஈரத்தில், மழையில் அதைத் தொடாதே. ஒயர் உன் முதுகுப் பக்கம் கிடக்கட்டும். தோளுக்கு மேலே தூக்கி வெட்டாதே, ஏணியில் நின்று வெட்டவே வெட்டாதே. எல்லாவற்றையும் விட முக்கியம் அந்த மூக்கு. மூக்கின் மேல்பாதி எதிலாவது இடித்தால் ரம்பம் முகத்தைப் பார்த்து எகிறும். அதனால் உடம்பைச் செயினுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு வரி இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது என்று. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்துவிட்டது. ஆள் இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியில்தான் இருக்கிறார். கூப்பிட்டால்தான் கேட்காது.

அப்படியும் விட மனசில்லை. தொங்குகிற துணி ஆகாது என்பதால் அப்பாவின் பழைய டெப்போ பேன்ட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டிக்கொண்டு, கண்ணாடி, கையுறை, காதுக்கு அடைப்பான் எல்லாம் போட்டுக்கொண்டு போய் நின்றேன். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். ஒன்றில் மட்டும் கோட்டை விட்டேன். எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. தையல் மிஷினுக்கு விடுகிற குப்பி வீட்டில் இருந்தது, அதிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, துணியால் துடைத்து, வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரிக்கு எண்ணெய் என்றாலே துணியில் கறை பட்டுவிடும் என்ற பயம்தானே. இந்த ரம்பத்துக்கோ தனியாக ஒரு தொட்டியே இருக்கிறது, அது நிறைய ஊற்றினால்தான் செயின் சூடாகாமல் ஓடும்.

சின்னக் கிளைகளைக் கழிக்கும்போதே புகைய ஆரம்பித்துவிட்டது. நான் மரம் வெட்டுப்படுவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அப்பாவுக்குக் காதுதான் போயிற்று, மூக்கு போகவில்லை. கருகல் வாசனை உள்ளே போனதும் வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார். ரம்பம் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது, அவர் வருகிறார் என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குமே காது கேட்கவில்லை. வந்தவர் வழக்கம்போல என் தோளைத் தட்டினார். தூக்கிவாரிப்போட்டு நான் திரும்பியதில் ரம்பத்தின் மூக்கு பக்கத்துக் கிளையில் போய் இடித்தது. ரம்பம் எகிறி, தடுப்பு என் கையில் மோதி, செயின் நின்றுவிட்டது. அது நின்ற இடம் என் முகத்துக்கு எவ்வளவு பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் கேட்காதே. கையில் இந்த வீக்கத்தோடு போயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை, டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. நீ இங்க கத்தியிருந்தாக்கூட நான் உள்ள டிவி பார்த்துக்கிட்டுதான் இருந்திருப்பேன் இல்ல என்றார், தெருவுக்கே கேட்கிற சத்தத்தில். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கை கொஞ்சம் தேவலையான பிறகு, நேற்றுக் காலையில் அவரே அலமாரியைத் திறந்து அந்தக் காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றினார், நான் கொண்டுவந்த தையல் குப்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். என்னைத்தான் வெட்டச் சொன்னார். தான் எட்டத்தில், என் கண்ணுக்கு நேர் எதிரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார், இனிமேல் யாரும் யாரையும் பின்னாலிருந்து தட்டுவதில்லை என்று பேச்சு. இரண்டு பக்கமும் தாங்கி நிற்கிற கிளையை மேலிருந்தே அறுத்தால் மரம் அழுந்தி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறு என்று கையால் ஜாடை காட்டினார். பாதியில் திடீரென்று எழுந்து இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செயின் தளர்ந்துடுச்சு, சத்தம் மாறுது பாரு என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் உண்மையாகவே தொங்குகிறது. அதை இறுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன் தம்பி, டெப்போவிலிருந்து வேலை முடிந்து வருகிற முகம். இப்போது பின்கதவு முழுக்கத் திறக்கிறது, துணி வெயிலில் காய்கிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அங்கே உனக்குக் கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை கேட்டும் எல்லாரும் இருக்காங்கம்மா என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறாய், ஒருவரைக் கூட யார் என்று சொன்னதில்லை. நானும் அப்பா குளிக்கிறார் என்று சொன்னவள்தானே, எனக்கு அந்தப் பதிலின் ருசி தெரியும். ஓர் ஆள் கிடைக்கும் வரை அந்த ரம்பத்தை எடுக்காதே. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் வந்து நிற்க முடியுமா என்று கேள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. கேட்காமலே இருந்து இருந்துதான் நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஆனோம்.

கண்ணும் கையும் பத்திரமாக, நாலு பேரோடு பேசிச் சிரித்து நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும். நேற்றுச் சாயங்காலம் வெட்டின துண்டுகளை அடுக்கிவிட்டு வந்தவர், என்னைத் தட்டாமல், எதிரே வந்து நின்று கேட்டார். அவன் குரல் இப்ப எப்படி இருக்கு, அப்படியேதான் இருக்கா, மாறிடுச்சா என்று. ஞாயிற்றுக்கிழமை நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மறக்காமல் பேசு. மெதுவாகப் பேசு, கத்தினால் அந்த மிஷினில் எல்லாம் குழம்பிவிடுமாம். புரியுமோ புரியாதோ, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டாலும் நீ போனை வைத்துவிடாதே, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா