சூப்பர்வைசர் தொடாத டின்

அன்பு மனைவிக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியமா? நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாதே.

கிடங்குல தினம் நாலு எனர்ஜி டிரிங்க் சும்மா தர்றாங்கன்னு பெருமையடிச்சேனே. மூணு பிள்ளை பெத்த எங்க சூப்பர்வைசர் எங்களுக்கு எடுத்துக் கொடுப்பாரே தவிர, தான் தொடமாட்டார். வெந்நீர்தான் குடிப்பார். ஏன்னு கேட்டா சிரிச்சு மழுப்புறார். எனக்கு உறுத்துச்சு. யாருக்கும் சொல்லாம டெஸ்ட் எடுத்தேன். விந்தணு குறைவாம். "தினம் குடிக்கிற இந்த டிரிங்கும் காரணமா இருக்கலாம், நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னார் டாக்டர்.

போன லீவுல உன் தம்பிக்குக் கொடுத்த டின் பெட்டியில மிச்சம் இருந்தா கொட்டச் சொல்லு. உன் பழைய போர்வை ஒண்ணு அனுப்பு.

வண்டி வந்துடுச்சு. இதை அம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு. ஆறு வருஷமா உன்னை மட்டுமே ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டாங்க. நானும் பேசாமத்தான் இருந்தேன்.

உன் வீட்டுக்காரன்