மாப்பிள்ளை வந்தது உன் அறை வழியாகத்தான்

அன்பு மகள் வாலுவுக்கு,

இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அத்தனை கோபப்பட உடம்பில் தெம்பு இருக்கிறதே, அதுவே எனக்குப் பாதி நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதீங்க என்று செய்தி அனுப்பியிருந்தாய். கடிதம் எழுதக் கூடாது என்று அதில் இல்லை, மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

அன்று போனில் நீ கேட்டது எதுவும் பொய்யில்லை. உன்னோடு பேசிக்கொண்டிருந்த நான் போனை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போன நேரத்தில் அப்பா அத்தையிடம், "மாப்பிள்ளை நேத்தும் வந்துட்டுப் போயிருக்காரு அக்கா. நாம அவசரப்படக் கூடாது. முதல்ல பயமில்லாம வந்து சாப்பிட்டுப் பழகட்டும், அப்புறம் ஒரே அமுக்கா அமுக்கிடலாம்" என்றார். அத்தையோ, "மெதுவாப் பேசுடா, காதுல விழுந்தா காரியமே கெட்டுடும்" என்றார். நான் திரும்பி வருவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருப்பேன். ஆனால் அத்தை சொன்னது உன் காதை அல்ல. அவர்கள் பேசியது எலியைப் பற்றி. எலிதான் வாலு, நான்கு கால், நீள வால், உன் அப்பா செருப்பில் முக்கால்வாசி நீளத்துக்கு உடம்பு.

முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க அத்தை இங்கே வந்து தங்கியிருக்கிறார் அல்லவா, எலிக்கு மனிதர் பேச்சு புரியும் என்பது அவர் கட்சி. பெயரைச் சொல்லித் திட்டம் போட்டால் அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்காதாம். அதனால் அவர் சூட்டிய பெயர்தான் மாப்பிள்ளை. "சொல்லாமக் கொள்ளாம வருவாரு, இருக்கறதுல நல்லதாப் பார்த்துச் சாப்பிடுவாரு, போகச் சொன்னாப் போக மாட்டாரு, வேற என்ன பேரு வைக்கறது?" என்றார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தானும் ஒரு வீட்டு மாப்பிள்ளை என்பது அவருக்கு நினைவு வந்த மாதிரியே தெரியவில்லை.

இது ஆரம்பித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நீ வெளியூருக்குக் கிளம்பிப் போன பிறகு அப்பா தினமும் காலையில் பறவைகளுக்குத் தோட்டத்தில் தானியம் இறைக்க ஆரம்பித்தார். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, அதுகளாவது கத்தட்டும் என்றார். பறவைகள் தின்றது போக மிஞ்சியதைத் தின்னத்தான் எலிகள் வந்தன என்பது என் கட்சி. சமையலறைக் கழிவையெல்லாம் கொட்டி நான் வளர்த்த உரக் குவியலுக்குத்தான் வந்தன என்பது அவர் கட்சி. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் பார்த்தால் எலி பாரபட்சமே காட்டவில்லை, இரண்டு இடத்திலும் கை நனைத்திருக்கிறது.

அத்தை மருந்து வைக்கச் சொன்னார். தின்றுவிட்டு எந்தச் சுவருக்குள் போய்ச் சாகுமோ, வீடே நாறும், அடுத்த வீட்டுப் பூனை அதைத் தின்றால் அந்தப் பாவம் வேறு என்று நான் மறுத்துவிட்டேன். பொறிதான் வாங்கினோம். எலி நடுத்தோட்டத்தில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டேதான் போகும், போன இடமெல்லாம் அழுக்குக் கோடு விழுந்திருக்கும், அந்தக் கோட்டின் மேல்தான் பொறி வைக்க வேண்டும். புதுச் சாமானைக் கண்டால் அதற்குச் சந்தேகம், அதனால் முதலில் விசையை ஏற்றாமல் வறுத்த கடலை மட்டும் வைத்துப் பழக்கினோம். அப்பா சொன்ன "சாப்பிட்டுப் பழகட்டும்" அதுதான். விசை ஏற்றிய பிறகு சிலது மாட்டின. மீதியைத் தோட்டத்திலிருந்து விரட்டியது நாங்கள் செய்த வேலைகள்தான். உரக் குவியல் மூடி போட்ட டிரம்முக்குப் போயிற்று, தானியம் தொங்கும் தட்டுக்குப் போயிற்று, கீழே சிந்தியதைப் பொழுது சாய்வதற்குள் அப்பாவே பெருக்குகிறார், கூரையைத் தொட்ட கிளையையும் வெட்டியாயிற்று.

இவ்வளவும் செய்தும் வீட்டுக்குள் ஓட்டம் நிற்கவில்லை. அப்பா டார்ச்சோடு சுவரைச் சுற்றித் தவழ்ந்தார். அந்த அழுக்குக் கோடு எங்கே போய் முடிந்தது தெரியுமா, உன் ஜன்னலுக்குக் கீழே. இன்டர்நெட் ஒயருக்காக, சின்ன ஓட்டைதானே என்று நீயே டிரில் போட்டாயே, அதே ஓட்டைதான். நீ போனதும் ஒயரை உருவிவிட்டோம், ஓட்டையை மறந்துவிட்டோம், மாப்பிள்ளை அதைக் கடித்துத் தன் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டுவிட்டார். உன் அலமாரிக்குப் பின்னால் கூடு. உன் தேர்வுப் புத்தகங்களைப் பொடிப்பொடியாக்கிப் பரப்பி மெத்தை போட்டிருந்தது. நீ அந்தப் புத்தகங்களை இவ்வளவு ஆழமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

சிரித்துவிட்டாயா? சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேள். நீயாகப் பேச்சை எடுக்கும்வரை கல்யாணப் பேச்சு இந்த வீட்டில் கிடையாது என்று உன்னை ரயிலேற்றும்போது சொன்னோம். அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. நீ சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை, பெண்ணாகப் பிறந்தவளுக்கு அந்தக் காது இருக்கத்தான் வேண்டும். அப்பாதான் உன் செய்தியைப் படித்துவிட்டு வெறும் பொறியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அத்தை அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்து, "இவ்வளவு கோபப்பட்டுட்டா, இனிமே நிஜமாவே ஒருத்தனைப் பார்த்துட்டாக் கணக்கு சரியாயிடும்டா" என்றார். அப்பா சிரிக்கவில்லை. "அக்கா, எலிக்கே பழகறதுக்கு டைம் குடுக்கறேன், என் பொண்ணுக்குக் குடுக்க மாட்டேனா?" என்றார். "அப்போ கல்யாணத்தைப் பொறிங்கறியா?" என்று அத்தை விடாமல் கேட்க, அவர் என்னை ஒரு முறை பார்த்தார், பதிலே சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் காட்டிய புத்திசாலித்தனங்களில் அதுவும் ஒன்று.

நேற்று அப்பா கூட்டைக் கலைத்து மாப்பிள்ளையை விரட்டிவிட்டு, சிமெண்ட் குழைத்து எல்லா ஓட்டைகளையும் அவரே அடைத்தார். உன் ஓட்டைக்கு வந்ததும் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே ஒரு தகரத்தை வைத்து, ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். அங்கே மட்டும் ஏன் பூசவில்லை என்று கேட்டேன். "அவ வந்தா ஒயர் இழுக்கணுமே. பூசிட்டா மறுபடி உடைக்கணும்" என்றார். எலியால் அதைத் திறக்க முடியாது, உன்னால் முடியும்.

எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. அங்கே நீ தங்கியிருக்கும் அறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் போகும் இடத்தைக் குனிந்து பார், பெருவிரல் நுழைந்தால் எலியும் நுழையும். பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதே. கோபம் ஆறியதும் அப்பாவுக்குப் போன் பண்ணு. வேறு விளக்கம் எதுவும் வேண்டாம், மாப்பிள்ளை போயிட்டாரா என்று மட்டும் கேள், அவருக்கு அது போதும்.

மாறாத அன்புடன்,
அம்மா