இரும்புப் படலுக்கு இந்தப் பக்கம்

வீடெங்கும் புது ரப்பரின் வாசனை. நீ போன மறுவாரம் என் மகன் வாங்கி வந்து விரித்த பாய்கள் அவை. கூடம், வராந்தா, சமையலறை, குளியலறை வாசல், என் கட்டிலைச் சுற்றி என்று ஒரு விரல் தரைகூடத் தெரியாதபடி போட்டான். வெயில் ஏற ஏற அந்த வாசனையும் ஏறுகிறது. கான்வென்ட் விடுதியில் மழைக்கோட்டுகளை மாட்டிவைக்கும் இருட்டறை உனக்கு மறந்திருக்காது. பிரார்த்தனை நேரத்தில் சிரித்ததற்காக நம் இருவரையும் அதற்குள் நிறுத்தினார்கள். சிரித்தது நீ. நான் வெறுமனே பக்கத்தில் நின்றேன். இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். அந்த அறையிலும் இதே வாசனைதான். தாழ் வெளிப்பக்கம் இருந்தது. இங்கேயும் அப்படித்தான் இருக்கிறது.

வராந்தாப் படிக்கு மேல் இப்போது இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புப் படல் நிற்கிறது. கொழிஞ்சாம்பாறையில் வெல்டரிடம் சொல்லிச் செய்தான். கொக்கி வெளிப்புறம், தாழ்வாக, என் கை எட்டாத இடத்தில். பேரன் தவழ்ந்த நாளில் அதே இடத்தில் மரத்தில் ஒன்று வைத்திருந்தோம். அவன் வளர்ந்ததும் அதை எடுத்துவிட்டோம். நான் எதுவரைக்கும் வளர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீ பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். "ஏம்புள்ள, உன்னையப் பட்டியில அடைச்சுட்டாங்களா? பொழுதோடயாச்சும் தண்ணி காட்டறாங்களா?"

மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கால் வரப்பில் நீ விழுந்த காலையில், உன் சத்தம் கேட்டுத் தென்னந்தோப்பிலிருந்து ஓடிவந்தவன் அவன்தான். கன்று கயிற்றை இழுத்ததாம், வரப்பு ஈரமாக இருந்ததாம். உன்னைத் தூக்கி ஜீப்பில் கிடத்தியவனும் அவன்தான். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "அத்தை போட்ட சத்தம் காதுலயே நிக்குதுங்கம்மா. நீங்க இனி படி எறங்க வேண்டாங்க. எதுன்னாலும் என்னையக் கூப்புடுங்க" என்றான். உன் இடுப்பில் அறுவை செய்ததும், வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பிறகு நெஞ்சில் சளி கட்டியதும் எனக்குக் காதுவழிச் செய்திகள்தான். ஆசுபத்திரியில் படி இருக்கிறது என்றார்கள். உன் வீட்டு வாசலிலும் படி இருக்கிறது என்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நீ படுத்திருந்தாய், இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உன்னைப் பார்க்க என்னை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். கால் இருக்கும்போதே அப்படிப் போனது எனக்குப் பெரிய அவமானம். உன் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருஷம் அந்த ஆராய்ச்சிக் குழு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அங்கன்வாடியில் குழந்தைகளை எடைபோட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு ரத்தம் பார்த்தார்கள். ஒவ்வொரு வயதிலும் நோய் வருமுன் தடுப்பது எப்படி என்று பார்க்கிறார்களாம். நம் வயதுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது விழுவதை. காலுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தால் கிழவிகள் விழுவது குறையுமா? கேள்வி இவ்வளவுதான். "விழுந்தாத் தெரியும். இதுக்கு ஒரு ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவள் நீ.

நம் வீடுகளுக்கு வந்த நர்ஸ் செல்வி பீர்மேட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, படித்து வேலைக்கு வந்தவள். அவள் "வாரேன்" என்பதைக் கேட்டு நீ சிரிப்பாய். நீ "ஊட்டுக்கு" என்பதைக் கேட்டு அவள் சிரிப்பாள். முதல்நாள் என் வராந்தாவில் நம் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"ரெண்டு பிரிவும்மா. ஒரு பிரிவுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் குடுப்போம். இன்னொரு பிரிவுக்கு சாப்பாடு, கண்ணு, செருப்பு பத்திப் பேசிட்டு, மாசாமாசம் போன் போட்டு விழுந்தீங்களான்னு கேப்போம்."

"யார் எதில் என்று யார் தீர்மானிப்பது?" என்றேன் நான், கான்வென்ட் குரலில்.

"நாங்க யாரும் இல்லம்மா. இந்த மெஷினே குலுக்கிப் போட்டுரும்."

கையிலிருந்த டேப்லெட்டில் தட்டினாள். எனக்குப் பயிற்சி வந்தது. உனக்குத் தொலைபேசி வந்தது. எனக்கு ஒரு பெருமிதம். முதல் ரேங்க் வாங்கியவள்போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நீ விடுவாயா? "கண்ணு, இவளைப் பாரு" என்று செல்வியிடம் சொன்னாய். "சீட்டு உளுந்ததுக்கே இப்புடி நெஞ்ச நிமித்தறா. மார்க்கு வாங்கியிருந்தா நாங்க ஊரக் காலி பண்ண வேண்டியதுதான்."

அதன் பிறகு தினமும் காலையில் என் பயிற்சி நடந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பிறகு பிடிக்காமல். குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து, கோடு போட்டதுபோல் நடக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். பால் கறந்துவிட்டுப் பாத்திரத்தோடு வேலியோரம் வந்து நின்று பார்ப்பாய். "கொக்கு ஒண்ணு நிக்குது, மீனக் காணம்" என்பாய்.

ஒருநாள் உன்னை உள்ளே கூப்பிட்டேன். "வா, நானே சொல்லித் தருகிறேன். இதில் என்ன ரகசியம்?" என்றேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்காமல் பதில் சொன்னாய்.

"வேண்டாம் அம்மிணி. நீ சொல்லிக் குடுத்து நானும் செஞ்சேன்னு வெச்சுக்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிக்கும். பயிற்சியில ஒண்ணும் இல்லைன்னு மூட்டை கட்டிட்டுப் போயிருவாங்க. உன்ற பக்கம் எவ்வளவு நிமுந்துச்சுன்னு பாக்கறதுக்குத்தான என்ற பக்கத்தை வெச்சிருக்காங்க?"

"அதுவரை?"

"முடிஞ்ச பொறகு எங்களுக்கும் சொல்லித் தருவாங்களாமா. அதுவரைக்கும் நான் உளுகாம இருந்துக்கறேன். நீ உன்ற சேரைப் புடிச்சுட்டு நில்லு."

எனக்கு எதிலும் சரியாக இருக்க வேண்டும். தையலில் ஒரு முடிச்சு பிசகினாலும் பிரித்துப்போட்டவள் நான். நீ எதையும் அரைகுறையாக முடித்துவிட்டு ஓடுகிறவள் என்றே இத்தனை காலமும் சொல்லி வந்தேன். இந்த ஒரு விஷயத்தில் என்னைவிடக் கண்டிப்பாக இருந்தாய்.

நீ போனபின் செல்வி வந்தாள். படலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். பயிற்சி கிடைத்திருந்தால் நீ விழுந்திருக்க மாட்டாயா என்று நேராகக் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை.

"ஒருத்தர வச்சிச் சொல்ல முடியாதும்மா. பயிற்சி செஞ்சவங்களும் விழுதாங்க. அதுக்குத்தான இத்தன பேரச் சேத்திருக்கு" என்றாள்.

"அவள் பெயரை எடுத்துவிடுவீர்களா?"

"எடுக்க மாட்டோம்மா. அவங்க விழுந்தது, ஆஸ்பத்திரி போனது, எல்லாம் அந்தப் பிரிவோடயே இருக்கும்."

உன் ஒருத்தியைப் பற்றி அந்த ஆராய்ச்சி எனக்கு எந்தப் பதிலும் தராது. ஆனாலும் நீ அதற்குள் இருக்கிறாய். எடுத்துவிட மாட்டார்கள். அதற்குப் பிறகு, எழுந்து நடப்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்கும் கடைசி அளவெடுப்பு ஒன்றுதான் எனக்குக் குறியாக நின்றது. உன் பக்கத்தை உன் உடம்பால் நீ முடித்துவிட்டாய். என் பக்கத்தை நான் முடிக்க வேண்டும்.

ஆனால் நம் தெருவே வேறு பாடம் படித்துக்கொண்டிருந்தது. நீ விழுந்தபின் வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலெல்லாம் கைத்தடிகள் பரணுக்குப் போயின. விழாமல் இருக்க வழி, நடக்காமல் இருப்பது! ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. "அம்மாவுக்கு என்ன கொறச்சலுங்க, உக்காந்த எடத்துல எல்லாம் வருது" என்று என் மருமகள் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வது என் காதில் விழும். உண்மைதான். எல்லாம் வருகிறது. தட்டு வருகிறது, தண்ணீர் வருகிறது, மாத்திரை வருகிறது. நான்தான் எங்கும் போவதில்லை. பயிற்சிக்கு நாற்காலியைப் பிடித்தாலே, "அம்மா, உக்காருங்க" என்று குரல் வந்துவிடும். கூடத்துக்கும் வராந்தாவுக்கும் காமிரா வைத்திருக்கிறார்கள். என் கால்கள் கனத்துப்போவது எனக்கே தெரிந்தது.

கடைசி அளவெடுப்புக்கு வேன் வரும் என்று செல்வி தொலைபேசியில் சொன்னபோது மகன் வாங்கிப் பேசினான். "வேண்டாம்மா, அவங்க பேரை வெட்டி உட்ருங்க" என்று வைத்துவிட்டான். மறுநாள் செல்வி நேரில் வந்தாள். நல்ல பிள்ளை அவள், குரலை உயர்த்தவே இல்லை.

"சார், கையெழுத்துப் போட்டது அம்மா. விலகுதேன்னு சொல்லணும்னாலும் அம்மாதான் சொல்லணும்."

"இந்த ஊட்ல பொறுப்பு என்னுதுங்க. உளுந்துட்டா நீங்களா வந்து தூக்குவீங்க? தூக்குனவன் நானுங்க."

தூக்கினவனிடம் யார் என்ன பேச முடியும்? படலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். "நான் விலகவில்லை. என்னை வெளியே விடமாட்டாய் என்றால், அவள் உள்ளே வரட்டும். இந்த வராந்தாவிலேயே எடுக்கட்டும்."

"அம்மா..."

"பாயைச் சுருட்டு."

அவனைச் சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும்போது என்னிடமிருந்த குரல் எப்படியோ வந்துவிட்டது. குனிந்து சுருட்டினான். அடியில் அந்தச் சிவப்புச் சிமென்டுத் தரை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்று என் கணவர் மெழுகிட்டுப் பளபளக்கவைத்த தரை. படியை அவ்வளவு உயரமாகக் கட்டியவரும் அவர்தான். வெறும் காலில் அந்தக் குளிர்ச்சி பட்டதும் விரல்களை விரித்து ஊன்றிக்கொண்டேன். செல்வி நாற்காலி போட்டாள், தரையில் ஒரு நாடாவை ஒட்டினாள், கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். கையை ஊன்றாமல் எழுந்தேன். நாடாவரை நடந்தேன். திரும்பினேன். திரும்பும்போது ஒரு கணம் தரை நகர்ந்தது. மகன் இரண்டு கையையும் நீட்டியபடி கூடவே வந்தான், தொடவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

"எப்படி?" என்றேன்.

செல்வி கடிகாரத்தை மறுபடி பார்த்தாள். "போன தடவைய விட மெதுவும்மா."

எனக்குச் சுருக்கென்றது. என் பக்கத்தையே நான் கெடுத்துவிட்டதுபோல் இருந்தது. இன்னொரு முறை நடக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நீ நிற்பதாகத் தோன்றியது. "உள்ளதை அப்படியே எழுது. நடுவில் என்னை நடக்கவிடவில்லை என்பதையும் சேர்த்து எழுது" என்றேன். மகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செல்வியை வழியனுப்பிவிட்டு வந்தவன் படலருகே நெடுநேரம் நின்றான். கை கொக்கியில் இருந்தது. எடுத்துவிடப்போகிறான் என்று நினைத்தேன். "மழ நிக்கட்டுங்கம்மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். மழை நின்று வெகுநாளாயிற்று. கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வந்து தோப்பையே உலுக்கிக்கொண்டிருக்கிறது. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அவனுக்குள்தான் அந்த வரப்பு இன்னும் ஈரமாக இருக்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவர்களுடைய ஆராய்ச்சியிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த வாரம் செல்வி உங்கள் பிரிவுக்கு வீடுவீடாகப் பயிற்சி சொல்லித் தருகிறாள். கொடுத்த வாக்குப்படி. உன் வீட்டு வாசலைக் கடக்கும்போது அவள் நடை தளர்ந்ததை வராந்தாவிலிருந்து பார்த்தேன்.

அதனால் இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். வராந்தாப் பாயை மறுபடி விரிக்க நான் விடவில்லை. இவ்வளவு மட்டும் எனக்குக் கிடைத்திருக்கிறது. காலையில் என் பயிற்சியை முடித்தபின் நாற்காலியை உன் வேலிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். காமிராவில் பார்ப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். முதலிலிருந்து இன்னொரு முறை செய்கிறேன். அது உன்னுடையது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனி நீ கற்றுக்கொண்டால் எந்தக் கணக்கும் கெடாது. செல்வி எனக்குச் சொன்னதை வாய்விட்டு உனக்குச் சொல்கிறேன். முதுகை நிமிர்த்து. கீழே பார்க்காதே. சிரிக்காதே, சிரித்தால் சமநிலை போய்விடும். இப்போது ஒரு காலைத் தூக்கு. நாற்காலியிலிருந்து கையை எடு.

எடு அம்மிணி. நான் பக்கத்தில் நிற்கிறேன்.