சடையப்பன் வகையறா

செவ்வாய்க் கோள் குடியிருப்பு, கணக்கெடுப்பு ஆவணக் கிடங்கு. திங்கள், காலை 8.10

கிடங்கு இயந்திரத்துக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டேன். அதன் காமிராவோ என் முதுகுப் பக்கம் இருந்தது. நல்லவேளை, இங்கே வேறு ஆள் இல்லை.

நான் நாகலிங்கம், காற்றுக்குழாய் ஃபிட்டர். பத்தாம் வகுப்பு என்னை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போதும் என்றது. குடியிருப்பில் காற்று கெட்டுவிட்டது. தப்பிப் போக ஒரே விண்கப்பல். எனக்கு முன் அறையில் இருக்கை, என் ஒன்பது வயது மகள் நறுமுகைக்குப் பின் அறையில். இயந்திரக் கணக்கில் நாங்கள் வேறு வேறு குடும்பமாம். அவள் நறுமுகை நாகலிங்கம், நான் நாகலிங்கம் அம்பலவாணன். எங்கள் ஆட்களுக்கு அப்பா பெயர்தான் பின்னால் வரும் என்று அதற்கு யார் சொல்வது?

கப்பல் கிளம்பும்போது அவள் பயப்படுவாள். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய கணக்கெடுப்புகளைக் காட்டித் திருத்தப் போகிறேன்.

செவ்வாய், பகல் 1.40

கிடைத்துவிட்டது! மூன்றாம் கணக்கெடுப்பில் அப்பா, அம்பலவாணன் சடையப்பன். முதல் கணக்கெடுப்பிலேயே தாத்தா சடையப்பன். இயந்திரத்துக்குப் பொறுமையாக விளக்கினேன். நான் சொல்லி ஒருவருக்குப் புரிந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இயந்திரம்: “பெயர் முறை ஏற்கப்பட்டது. எல்லாப் பதிவுகளுக்கும் பொருத்தப்படுகிறது.”

எல்லாப் பதிவுகளுக்குமா? பரவாயில்லை, சொந்தக்காரர்களும் சந்தோஷப்படட்டும்.

செவ்வாய், மாலை 5.05

இயந்திரம்: “சடையப்பன் குடும்பம், முப்பத்தொரு பேர். ஒரு குடும்பத்துக்கு ஓர் இருக்கை. அது திருத்தத்துக்கு விண்ணப்பித்தவருக்கு. வேறு பெயருக்கு மாற்ற இயலாது. மறுத்தால் அடுத்த குடும்பத்துக்குப் போகும். மற்ற முப்பது இருக்கைகள் ரத்து.”

பழையபடி மாற்று என்றேன். கெஞ்சினேன். இந்தத் தடவை காமிராவைப் பார்த்துத்தான்.

இயந்திரம்: “நிரூபணமான உறவை நீக்க வழியில்லை.”

செவ்வாய், மாலை 5.30

சித்தப்பா மகன் மகுடபதி, வானொலியில்: “டேய் நாகா, என் சீட்டு போச்சு, புள்ள சீட்டும் போச்சு. வம்சத்தைத் தோண்டச் சொல்லி உன்னை யாருடா கேட்டா? பத்தாவதுல படிக்காததை அங்க போய்ப் படிச்சியா?”

“பக்கத்து சீட்டுதான்டா கேட்டேன்.”

“பக்கத்து சீட்டு! எங்க எல்லாரையும் பக்கத்துப் பக்கத்துல படுக்க வெச்சிட்டியேடா!”

புதன்

மறுத்தால் நானும் இல்லை, அவளும் இல்லை. ஏற்றால் ஒருவர் பிழைப்பார். எனக்குக் கணக்கு வராது என்று ஊரே சொல்லும். இது மட்டும் எப்படியோ உடனே வந்து...

வியாழன், காலை 6.20

நறுமுகை, வானொலியில்: “அப்பா! பலகையில நாம ஒரே குடும்பம்னு போட்டிருக்காங்க! நான் பெட்டியோட மூணாம் கூடத்துல நிக்கிறேன். ஜன்னல் சீட்டு எனக்குத்தான், சொல்லிட்டேன். எங்கப்பா இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கேன்டா கண்ணு. அங்கேயே நில்லு.”

கப்பலில் என் இடுப்பு வாரைப் பூட்டியாயிற்று, கப்பல் கதவையும் மூடிவிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.